மலைக்கு எந்த பேஸ் ஆம்ப்: காம்போவா, தனி ஹெட்டும் பெட்டியுமா?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் புது ஆம்ப் தேடினால், கிடைக்கும் ஆலோசனை எல்லாம் சமவெளியிலிருந்துதான் வரும். எத்தனை வாட், ஸ்பீக்கர் பத்து அங்குலமா பதினைந்தா, என்ன விலை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஈரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நீலகிரியில் ஓர் ஆம்ப் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை முடிவு செய்வதில் பெரும்பங்கு அதற்குத்தான். பல ஆண்டுகள் உழைத்த பதினைந்து அங்குல காம்போவை, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அடங்கியதை, விற்றுவிட்டு, கைப்பையில் அடங்கும் ஹெட்டுக்கும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) தனி ஸ்பீக்கர் பெட்டிக்கும் நான் மாறியதன் காரணமும் அதுவே. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடியின் ஒலியை விரும்பாத பேஸ் வாசிப்பாளர் அரிது. 14 வால்வுகள், 300 வாட். ஹெட் மட்டும் 35 கிலோவுக்கு மேல். அதனுடன் வைக்கும், எட்டு ஸ்பீக்கர் கொண்ட பெட்டி 60 கிலோவைத் தாண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் இயக்கினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும் அபாயமும் உண்டு. பிறர் மேடைகளில் வாசித்திருக்கிறேனே தவிர, சொந்தமாக வைத்துப் பராமரித்ததில்லை. ஆகவே அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

காம்போவின் வசதி தெரிந்ததுதான்: ஒரே சுமை, ஒரே பிளக், மறந்துவிட்டு வர ஸ்பீக்கர் கேபிள் இல்லை. இப்போது வரும் காம்போக்கள் எடையும் குறைந்தவை. ஃபெண்டர் ரம்பிள் 500 இரண்டு பத்து அங்குல ஸ்பீக்கர்களோடு 17 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. பழைய காம்போவில் கனத்த இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அது முதுகுக்குப் பாரம். ஆனால் பழுது பார்ப்பவருக்கு வரம். அவுட்புட் டிரான்சிஸ்டர் போனால் கோவையில் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் அதை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார்.

இனி ஈரத்துக்கு வருகிறேன். தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கத்தை நனைக்கும். அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். இடைப்பட்ட நாட்களில் பனிமூட்டம். இங்கே பல வீடுகள் சாலைக்கு மேலேயோ கீழேயோ, படிக்கட்டுகளின் முடிவில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு ஞாயிறும் காம்போவைத் தூக்கிக்கொண்டு யார் ஏறி இறங்குவார்கள்? ஆராதனை முடிந்ததும் அது ஆலயத்தின் பக்க அறையிலேயே தங்கிவிடும். கல் சுவர், பூட்டிய சன்னல், அடுத்த ஞாயிறு வரை திறக்காத கதவு. ஸ்பீக்கர் மட்டுமல்ல, சர்க்யூட் முழுவதும் அந்த அறையில்தான் வாரம் பூராவும் கிடக்கிறது.

விளைவுகள் மெல்லத் தெரியும். வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரப்பு. ஜாக்கின் உலோகம் மங்கிப்போகும். எல்லாவற்றிலும் ஏமாற்றுவது, வெளி எஃபெக்ட் கருவிக்குச் சிக்னலை அனுப்பித் திரும்பப் பெறும் எஃபெக்ட்ஸ் லூப்பின் ரிட்டர்ன் ஜாக். அதில் எதையும் செருகாதபோது, ஜாக்கின் உள்ளே இருக்கும் சிறு வில் தகடு வழியாகத்தான் சிக்னல் போகிறது. தகட்டில் களிம்பு ஏறினால் ஒலி தேய்ந்து மறையும், ஒரு சுரத்தை ஓங்கி அடித்தால் திரும்பி வரும், மறுபடி மறையும். ஆம்பே போய்விட்டது என்று முடிவுகட்டி மலையிறக்கி அனுப்புகிறவர்கள் உண்டு. அதற்கு முன் சென்ட், ரிட்டர்ன் இரண்டையும் ஒரு சிறு பேட்ச் கேபிளால் இணைத்துப் பாருங்கள். ஒலி சீராக வந்தால் குற்றம் அந்தத் தகட்டில்தான். கான்டாக்ட் கிளீனர் தெளித்து, பிளக்கைச் சில முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வேனில் குளிர்ந்து கிடந்த ஆம்பை ஆட்கள் நிறைந்த கல்யாண மண்டபத்துக்குள் கொண்டுபோனவுடன் இயக்குவதும் ஆபத்து. அடுப்படிக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவதுபோல, உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையிலும் நீர் படியும். அரை மணி நேரமாவது விட்டுவைத்து இயக்குவது நல்லது.

தனி ஹெட் இந்தச் சிக்கலின் வேரிலேயே கை வைக்கிறது. அதிவேக ஸ்விட்ச்சிங் முறையில் ஒலியைப் பெருக்கும் டி வகுப்பு ஹெட் பலவும் இரண்டு, மூன்று கிலோதான். வாசித்து முடித்ததும் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். என் ஹெட், சிலிக்கா ஜெல் பைகளோடு, துணிக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சிறு பல்பு எரியவிடும் அதே அலமாரியில் இருக்கிறது. ஆலயத்தில் தங்குவது மரமும் காகிதக் கூம்பும் காந்தமும் மட்டுமே. காம்போவால் இதைச் செய்யவே முடியாது. அதன் எலக்ட்ரானிக்ஸ் பெட்டியை விட்டுப் பிரியாது.

ஆனால் ஈரத்தில் தங்கப்போவது பெட்டி என்பதால் அதைத் தேர்ந்தெடுப்பதில் கூடுதல் கவனம் வேண்டும். மலிவான பெட்டிகளில் துகள் பலகை இருக்கும். திருகுத் துளை வழியாகவும் விளிம்பு வழியாகவும் ஈரம் ஏறி அது உப்பிவிடும். திருகு பிடிமானம் இழக்கும். நான்காவது கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் எழும் அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வில் தளர்ந்த திருகு ஒவ்வொன்றும் ரீங்கரிக்கும். பிளைவுட் பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது. மேலுறையும் முக்கியம். கம்பளம் ஒட்டிய பெட்டி பனிமூட்டத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சையும் அதில்தான் முதலில் வரும். ரெக்சின் ஒட்டியதைத் துணியால் துடைத்துவிடலாம். எதுவானாலும் வெறும் தரையில் வைக்க வேண்டாம். அடியில் இரண்டு மரக்கட்டைகள் போதும்.

வாட் கணக்கில் மயங்க வேண்டியதில்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதே பணத்தில் இரண்டாவது பெட்டி வாங்குவது பலன் தரும். அதற்கு முதல் பெட்டியின் மின்தடை 8 ஓம் ஆக இருக்க வேண்டும். இரண்டு 8 ஓம் பெட்டிகள் இணையாகச் சேர்ந்தால் 4 ஓம். பெரும்பாலான ஹெட்டுகள் முழுத் திறனைத் தருவது அங்கேதான். ஒரே பெட்டியில் முழு வாட் கிடைக்கும் என்று கடையில் 4 ஓம் பெட்டியைக் காட்டினால் மறுத்துவிடுங்கள். பிறகு இன்னொன்றைச் சேர்த்தால் ஓம் மேலும் தாழும், பெரும்பாலான ஹெட்டுகள் அதைத் தாங்காது.

பழுதுபார்ப்பில் பழைய காம்போவே மேல் என்பதை மறைக்கமாட்டேன். டி வகுப்பு ஹெட்டின் நுண்ணிய பாகங்களைத் தனித்தனியே மாற்றப் பலரும் முன்வருவதில்லை. பலகையையே மாற்றச் சொல்வார்கள், அது கிடைத்தால். என் ஹெட் இதுவரை பழுதாகவில்லை. ஆனால் அது பார்த்திருக்கும் மழை கொஞ்சம்தான். பத்தாண்டு உழைக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது. ஒன்று மட்டும் உறுதி: பழுதானால் சிறு பார்சலாக எந்த ஊருக்கும் அனுப்பலாம். அது திரும்பும்வரை வேறொருவரின் ஹெட்டை அதே பெட்டியில் மாட்டி வாசிக்கலாம். காம்போ போனால் ஒலியும் பெட்டியும் சேர்ந்தே மலையிறங்கும். கொடைக்கானல் நண்பர்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். அவர்களும் வத்தலக்குண்டு சாலையில் இறங்கியாக வேண்டும்.

மழையில் மரம் விழுந்து மின்சாரம் தடுமாறும் நாட்களுக்காக, வாங்கும் முன் ஹெட்டின் பின்புறம் பாருங்கள். 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் தாழ்ந்த மின்னழுத்தத்தையும் தாங்கும். 230 மட்டும் என்றால் ஸ்டெபிலைசர் விலையையும் கணக்கில் சேருங்கள்.

சாலையோரத்தில் உலர்ந்த அறை உள்ளவர், ஒத்திகையும் அங்கேயே நடத்துகிறவர் என்றால் காம்போவே வாங்கலாம். அவருக்கு என் வாதம் பொருந்தாது. மற்றவர்கள் ஹெட்டைப் புதிதாகவும் பெட்டியைப் பழையதாகவும் வாங்கலாம். பழைய பெட்டியைப் பார்க்கப் போகும்போது முன்பக்கத் துவாரத்தருகே மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் விலை பேசவே வேண்டாம். கைப்பிடித் திருகுகளை இறுக்கிப் பாருங்கள். மரம் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் துகள் பலகை உப்பியிருக்கிறது என்று பொருள்.