"பெடியன் எப்பிடி, அண்ணை?"

சம்பந்தம் விசாரிக்க முள்ளியவளையில் இருந்து வந்தவர் விறாந்தைக் கதிரையின் நுனியில் இருந்தபடி ஐயாவிடம் கேட்டது ஒரே கேள்வி: "முன்வீட்டுப் பெடியன் எப்பிடி, அண்ணை?"

"வலு கெட்டிக்காரன்" என்றார் ஐயா.

வந்தவர் முகம் மலரவில்லை. குசினிக்குள் இருந்து அம்மா எட்டிப் பார்த்து, "பொறுப்பான பிள்ளை" என்றார். அதன் பிறகுதான் மனிதர் சாய்ந்து இருந்தார்.

ஒருவனைப் புத்திசாலி என்று சொல்ல எங்களிடம் சொற்கள் பல, எல்லாம் ஒரே எடை இல்லை. கணக்கில் முதலாவதாக வருபவனும் கெட்டிக்காரன். முறைத்தண்ணீர் வரும் இரவில் அடுத்தவன் வரம்பை வெட்டித் தன் வயலுக்குத் திருப்புகிறவனும் கெட்டிக்காரன்தான். இன்னும் ஒரு படி இறங்கினால் 'சுழியன்'. அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள்.

'புத்தி' பெரும்பாலும் இல்லாத இடத்தில்தான் பேச்சில் வருகிறது: "சொல்புத்தியும் இல்லை, சுயபுத்தியும் இல்லை." 'அறிவு' நிலையும் அதுவே. திருக்குறளின் 43ஆம் அதிகாரம் அறிவுடைமை. மனம் போன போக்கில் போகவிடாமல், தீயதில் இருந்து விலக்கி நல்லதன் பக்கம் செலுத்துவதுதான் அங்கே அறிவு. இன்று அது படிப்பாகச் சுருங்கிவிட்டது. பழைய பொருள் உயிரோடு கிடப்பது ஏச்சில்: "உனக்கு அறிவில்லையோ?" என்பவர் சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேற்றையா கேட்கிறார்?

'விவேகம்' மேடைக்கும் வாழ்த்துமடலுக்கும். வரம்பில் நின்று ஒருவரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

என் தெரிவு 'நிதானம்'. இரணைமடுக் குளம் மார்கழியில் 36 அடி நிரம்பி வான் பாய்ந்தாலும், சிறுபோகத்துக்கு, அதாவது கோடை விதைப்புக்கு, எத்தனை ஏக்கர் என்பது பிறகு நீர்மட்டம் பார்த்துக் கூட்டத்தில் முடிவாகிற கணக்கு. பங்குக்கு மேலே ஒரு துண்டு சேர்த்து விதைக்க எல்லாருக்கும் கை துடிக்கும். கதிர் வெளிவர முந்திய குடலைப் பருவத்தில் தண்ணீர் வராமல் நின்றால் அந்தத் துண்டு மட்டுமா காயும்? ஒருமுறை சித்தப்பா வாய்க்காலுக்குள் தடி ஒன்றை ஊன்றிவிட்டு, வெற்றிலை சப்பி முடியும்வரை குந்தியிருந்து தண்ணீர் ஏறுவதைப் பார்த்தார். பிறகு எழும்பி, "அந்தத் துண்டு கிடக்கட்டும்" என்று விதைநெல்லைத் திரும்பச் சாக்கில் கட்டினார். புத்தி, அறிவு எல்லாம் அந்தச் சாக்குக் கட்டில் இருந்தன. ஆனால் பெயர் நிதானம். வெறியில் தள்ளாடுகிறவனையும் "ஆள் நிதானத்தில இல்லை" என்றுதானே சொல்கிறோம். காலூன்றி நிற்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

'பக்குவம்' கிட்டத்தட்ட அதே வேலை செய்யும். ஆனால் அது அடுப்படியில் இருந்து வந்த சொல் போல. கூழுக்கும் மனிசருக்கும் ஒன்றுதான், வேக நேரம் வேண்டும். இருபது வயதில் நிதானம் இருக்கலாம், பக்குவம் அருமை. செத்தவீட்டுச் செய்தி கொண்டு போகிறவனிடம் "பக்குவமாச் சொல்லு" என்போம். நிதானமாய்ச் சொல்லு என்றால் அவன் மெல்ல மெல்லச் சொல்லி ஆளைக் கொன்றுவிடுவான்.

கலியாணத்துக்கு மட்டும் அம்மாவின் 'பொறுப்பு'தான் வெல்லும் என்று ஒப்புக்கொள்கிறேன். மற்ற எல்லாம் தன்னை மட்டும் காப்பாற்றினாலும் பொருந்தும். பொறுப்புக்கு இன்னொரு ஆள் வேண்டும்.

வந்தவர் போனபின் கேட்டேன்: "ஏன் ஐயா, கெட்டிக்காரன் எண்டு சொன்னனீங்கள்?"

"போன சிறுபோகம் எங்கட வரம்பையும் வெட்டினவன் எல்லோ."