பீர்மேடு போறவங்க 'மகாராஜா ரூம்'னு கேட்டு ஏமாறாதீங்க

போன ஓணத்துக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல லோக்கல் லீவு விட்டாங்கல்லா, அதோட ரெண்டு நாள் சேத்து தக்கலைல இருந்து கேரளா இடுக்கி மலைல இருக்க பீர்மேடு போனோம், நான், வீட்டுக்காரி, பிள்ள, பின்ன அம்மை. அம்மைக்கு குளிரும் மஞ்சும் ஒண்ணும் பெருசில்ல, "பீரப்பா இருந்த இடம்லா மக்கா, ஒருக்கா பாக்கணும்"னு வருஷக்கணக்கா சொல்லிட்டு இருந்தாவ. நம்மூர்ல அடங்கியிருக்க சூஃபி ஞானி பீர்முகமது அப்பா தவம் இருந்த மேடுங்கறதாலதான் அந்தப் பேருன்னு சொல்லுவாங்க.

காலைல 4 மணிக்கு வண்டி எடுத்தது, கொட்டாரக்கரை, எருமேலி வழியா முண்டக்கயம், அதுவரைக்கும் நம்மூர் ரப்பர் தோட்டம் மாதிரியேதான் இருக்கு. அப்புறம் மலை ஏற ஏற காது அடைக்குது, வளஞ்ஞங்கானம் அருவி ரோட்டோரமாவே விழுது, அங்க நின்னு சூடா பழம்பொரியும் சாயாவும்.

இப்ப ரிசார்ட் கதைக்கு வாறேன். குட்டிக்கானம் பக்கத்துல, பேர் வேண்டாம். போட்டோல பாத்தா ராஜா காலத்து பங்களா மாதிரி இருந்துச்சு, 'மகாராஜா ரூம்' ஒரு ராத்திரிக்கு 5200. போய்ப் பாத்தா காங்கிரீட் பில்டிங்கு, மேல ஓடு ஒட்டி வச்சிருக்கு. ரூம்ல ராஜான்னு சொல்ல இருந்தது செவுத்துல ஒரு யானை ஊர்வலம் படம், அதுவும் ஃபிளெக்ஸ், ஓரத்துல சுருண்டு நிக்கு. கட்டில் தலமாட்டுல பெரிய கொத்துவேல, பிள்ள தட்டிப் பாத்தான், டொக்கு டொக்குன்னு பிளைவுட்டு. கம்பளில மழைக்கு காயாத துணி வாசம், கீசர்ல ரெண்டு வாளி சுடுதண்ணி வரும் மூணாவது வாளி ஐஸு, கேட்டா "இப்ப சரியாகும் சார்", இத காலி பண்ணுற வரைக்கும் சொன்னாங்க.

சாப்பாடு மட்டும் கொறயே சொல்ல முடியாது. சமையலுக்கு நின்ன அக்கா எஸ்டேட் லயத்துல பொறந்த தமிழ்க்காரங்க, காலைல மெனுல இல்லாத மரச்சீனிக்கிழங்கு அவிச்சு காந்தாரி மொளகா அரச்சு தந்தாங்க, அம்மை ரெண்டு தடவ வாங்கித் தின்னாவ.

உண்மையான ராஜா சமாச்சாரம் என்னன்னா அம்மச்சி கொட்டாரம், கொட்டாரம்னா அரண்மனை, குட்டிக்கானத்துலயே இருக்கு. திருவிதாங்கூர்ல மருமக்கத்தாயம்லா, தாய்வழியா வாரிசு வர்ற முறை, ராஜாவுக்கு அக்கா தங்கச்சிதான் ராணி, கட்டின பொண்டாட்டி ராணி கெடையாது, அவங்களுக்கு அம்மச்சின்னுதான் பட்டம். வெயில் காலத்துல அரச குடும்பம் மலையேறி வந்து தங்கின வீடு இது. தனியார் கைல இருக்கு, உள்ள விடுவாங்களான்னு முன்னாடியே விசாரிச்சுட்டு போங்க, நாங்க விசாரிக்காம போனதால வெளியதான் சுத்தினோம். ஓடு முழுக்க பாசி, மரமெல்லாம் ஈரத்துல கறுத்துப் போயிருக்கு. ஸ்கூல் டூர்னாலே தக்கலை பக்கத்து பத்மநாபபுரம் அரண்மனைன்னு வளந்த ஆளுகளுக்கு, அந்தத் தரை மினுக்கம் கண்ணுல நிக்கும்லா, இதப் பாத்தா வயிறு என்னமோ பண்ணும். அம்மை கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு "இது நம்ம பக்கம் வந்திருந்தா அடிச்சு வாரியாவது வச்சிருப்போம்"னாவ.

அவிய சும்மா சொல்லல. திருவிதாங்கூர்ல இருந்த தமிழ்ப் பகுதிய தமிழ்நாட்டோட சேக்கணும்னு நேசமணி ஐயா காலத்துல நடந்த போராட்டத்துல தேவிகுளம், பீர்மேடு ரெண்டையும் சேத்துதான் கேட்டது, 1956 நவம்பர் 1ல நம்ம நாலு தாலுகா இந்தப் பக்கம் வந்துச்சு, அது ரெண்டும் கேரளாவுலயே நின்னுட்டு. ஆனா ஒண்ணு, பத்மநாபபுரம் கொட்டாரம் நம்ம மண்ணுல இருந்தாலும் பாத்துக்கறது கேரளா தொல்லியல் துறைதான், நல்லாவே பாத்துக்கறாங்க, அத அம்மைட்ட சொன்னேன், காதுல விழாத மாதிரி நடந்துட்டாவ.

பள்ளிக்குன்னுல 1869ல கட்டின சிஎஸ்ஐ சர்ச் இருக்கு, அங்க கல்லறத் தோட்டத்துல அந்தக் காலத்து வெள்ளக்கார எஸ்டேட்காரர் மன்றோ துரையோட குதிரைக்கும் கல்லறை உண்டு, பிள்ள அந்த ட்ரிப்லயே ரசிச்சது அதுதான். பருந்துபாறை போனோம், மஞ்சு மூடி பாறையும் தெரியல பருந்தும் தெரியல, அஞ்சு நிமிஷத்துல திரும்பிட்டோம்.

போறவங்க ஓணம், கிறிஸ்மஸ் லீவுல போகாதீங்க, ரூம் ரேட்டு டபுள், ரோடும் பிளாக்கு. சாதா ஹோம்ஸ்டே பாத்தா போதும், கம்பளி வீட்டுல இருந்தே எடுத்துக்கோங்க.

கெளம்புற அன்னைக்கு சாயாக் கடைல பீரப்பா இருந்தது எங்கன்னு அம்மை கேட்டாவ, ஆளுக்கொரு பக்கம் கைய காட்டுனாங்க, எந்தப் பக்கமும் மஞ்சுதான். அம்மை பொதுவா எல்லா மலையையும் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு வண்டில ஏறிட்டாவ.