வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையில் பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

நெல்லை வண்ணார்பேட்டையில் நான் பணிபுரியும் ஜவுளிக்கடையில், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் குறித்து வெளியூர்ப் பயிற்சி நிறுவனம் ஒன்று அரைநாள் வகுப்பு நடத்தியது. சேலைப் பிரிவின் குறுகலான இடைவெளியில் வேண்டுமென்றே உரசிச் செல்லும் மேற்பார்வையாளர், இரவு பத்து மணிக்கு மேல் ‘சாப்பிட்டாச்சா’ என்று வாட்ஸ்அப்பில் விடாது கேட்கும் கணக்கர் எனக் கடைக்குள் நடக்கக்கூடியவற்றையே எடுத்துக்கொண்டு, ‘விளையாட்டுக்குத்தான் செய்தேன்’ என்ற சமாதானத்தைவிட அச்செயலை அப்பெண் விரும்பவில்லை என்பதே முக்கியம் என்று விளக்கிய விதம் சிறப்பாக இருந்தது.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம் என்பதையும், அதற்கு மூத்த பெண் ஊழியர் தலைமை வகிக்க, உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித் தெளிவுபடுத்தினர். சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் புகாரை எழுத்தில் தர வேண்டும். எழுத இயலாதவருக்குக் குழுவே உதவ வேண்டும். விசாரணை 90 நாள்களில் முடிய வேண்டும்.

“புகாரே முதலாளி மேல் என்றால் எங்கே போக?” என்று தையல் பிரிவு அக்கா கேட்டபோதுதான் பயிற்றுநர் தடுமாறினார். முதலாளி மீதான புகாரையும், பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடங்களின் புகாரையும் கேட்க மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருப்பதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார். சிறு கடைகளும் பீடித் தொழிலும் நிறைந்த நெல்லைச் சீமையில் அதற்கல்லவா அரைமணி நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும்! கையேடும் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அதை விற்பனைப் பெண்கள் பெரும்பாலோர் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். இந்தப் பயிற்சி நிறுவனத்தை அழைப்போர் தமிழ்க் கையேட்டை முன்கூட்டியே கேட்டுப் பெறுவது நல்லது.