2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு: சேலத்துக்குச் சரி, ஏற்காட்டுக்கு யோசிக்கணும்

பொத்தான் வைத்த ஒற்றை அடுப்பைத் தாராளமாக வாங்கலாம். 'ஓடலை' என்று கடைக்குத் தூக்கி வரும் அடுப்புகளில் பலவற்றில் பழுதே இருக்காது. கோளாறு பாத்திரத்திலோ பிளக்கிலோ இருக்கும்.

முதல் குற்றவாளி நம்மூர்ப் பெருமைதான். சேலம் உருக்காலையும் தயாரிக்கும் 304 ரக எவர்சில்வரில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அந்த நிக்கலால் காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டாததை இந்த அடுப்பு பாத்திரமாகவே மதிக்காது. பீப் அடித்துவிட்டுச் சற்று நேரத்தில் அணைந்துவிடும். ஃபிரிட்ஜ் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். கவ்விப் பிடித்தால் சரி. பட்டும் படாமலும் நின்றால் சூடு மந்தமாகத்தான் ஏறும். இண்டக்‌ஷன் அடி வைக்காத அலுமினியக் குக்கர், பித்தளைப் பானை எதுவும் ஆகாது. அடி 12 செ.மீ.க்குக் குறைந்த காபிப் பாத்திரத்துக்கும் பல மாடல்களில் இதே கதி.

அடி உப்பிய பாத்திரம் இன்னொரு தொல்லை. கண்ணாடிக்கு அடியில், நடுவில் இருக்கும் சென்சார்தான் சூட்டை அளக்கிறது. இடையில் காற்று புகுந்தால் கணக்குத் தப்பும், எண்ணெய் அளவுக்கு மீறிக் காயும்.

தோசைக்கு இந்த அடுப்பு சுமார்தான். உள்ளே சூட்டைக் கிளப்பும் கம்பிச்சுருள் (காயில்) தோசைக்கல்லைவிடச் சிறியது, 30 செ.மீ. கல்லில் நடு முறுகும், ஓரம் வேகாது. 800 வாட்டில் 5 நிமிஷம் காயவிட்டு, பிறகு 1200-க்கு ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் 2000 வைத்தால் மெல்லிய இரும்புக்கல் வளைந்துபோகும்.

குறைந்த வாட்டில் சூடு விட்டு விட்டு வருகிறதா? விலை குறைந்த மாடல்கள் சிறு தீயை இப்படித்தான் காட்டும். பழுதல்ல, ஆனால் பால் காய்ச்சப் பொறுமை வேண்டும்.

2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்ப். 6 ஆம்ப் பிளக்கில் கன்வெர்ட்டர் போட்டு ஓட்டினால் சாக்கெட் உருகும். 16 ஆம்ப் பவர் பிளக் கட்டாயம். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது.

இடையில் தானாக நின்றால் ஃபேனைப் பாருங்கள். அடியில் நியூஸ்பேப்பரோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டால் காற்று வழி அடைபடும். சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள். அணைத்த பிறகும் ஃபேன் சுற்றும். அது நிற்கும் முன் பிளக்கைப் பிடுங்கினால் உள்ளே கம்பிச்சுருளுக்கு மின்சாரம் விடும் ஐஜிபிடி என்ற மின்னணு சுவிட்ச் சூட்டிலேயே கிடக்கும்.

ஏற்காட்டில் கதை வேறு. பனிமூட்ட ஈரத்தில் டச் பேனல் தானாக அழுந்தும், சில சமயம் அசையாது. உலர்ந்த துணியால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகும். அங்கே டச் மாடல் வேண்டவே வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிப்பதால் பருப்பு வேகத் தாமதமாகும். அதற்கு அடுப்பைத் திட்டாமல் குக்கரை எடுங்கள்.

உயிரே இல்லையென்றால் ஃபியூஸ் போயிருக்கலாம். ஃபியூஸை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் உடனே மறுபடி போகும், ஏனென்றால் ஐஜிபிடியும் ஷார்ட் ஆகியிருக்கும். ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பொங்கி வழியும் ரசம் நேராக மின்சாரப் பாகத்துக்குள் இறங்கும்.