டைட்டானியம் பிரிண்ட் பட்டறை: வெளியே பளபளப்பு, உள்ளே தூள்

சென்னைப் பக்கம் டைட்டானியத் தூளை லேசரால் உருக்கி 3டி பிரிண்ட் எடுத்துத் தரும் ஒரு பட்டறைக்கு இரண்டு தடவை வேலை கொடுத்தேன். பெயரைப் போடவில்லை. குறை சொல்லும் இடத்தில் கொஞ்சம் காரமாகவே எழுதுவேன், அதனால் அவர்கள் பிழைப்பில் மண் விழ வேண்டாம். இடுப்பு, முதுகெலும்பு இம்ப்ளான்ட்டுக்கு நுண்துளை அமைப்பு வரைந்து மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு விவரம் மட்டும் போதும்.

நான் ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில், வீட்டிலிருந்தே இம்ப்ளான்ட் டிசைன் செய்கிறவன். கொடுத்தது சின்ன வேலைதான்: 10 மில்லிமீட்டர் கனசதுரங்கள் ஐந்து, உள்ளே கைராய்டு என்ற துளை அமைப்பு. 1970-இல் நாசாவில் இருந்த ஆலன் ஷோன் வெளியிட்ட வளைபரப்பு அது. சைன், கொசைன் பெருக்கல்கள் மூன்றைக் கூட்டிப் பூச்சியத்துக்குச் சமமாக்கினால் அதற்கு மிக நெருக்கமான வடிவம் வந்துவிடும். எம்.எஸ்.லாட்டிஸ் என்ற இலவச மென்பொருளில் வரைந்தேன்; எத்தனை சதவீதம் உலோகம் வேண்டும் என்று சொன்னால் அச்சடிக்க வேண்டிய எஸ்.டி.எல். கோப்பைக் கொடுத்துவிடுகிறது. கைராய்டில் படுக்கைவசமாக நீளும் கம்பி கிடையாது, அதனால் அச்சடிக்கும்போது உள்ளே முட்டுக் கொடுக்கத் தேவையில்லை. முட்டுக் கொடுத்தால் அப்புறம் எந்த இடுக்கியை விட்டு அதைப் பிடுங்குவது?

நான் கேட்டது 70 சதவீதம் துளை, ஒவ்வொரு துளையும் 600 மைக்ரான் அகலம். கெட்டியான டைட்டானியக் கலவையின் விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல். தொடை எலும்பின் கெட்டிப் பகுதிக்கோ 20-ஐ ஒட்டித்தான். அவ்வளவு விறைப்பான உலோகத்தை எலும்புக்குள் வைத்தால் சுமையை உலோகமே வாங்கிக்கொள்ளும். வேலை இல்லாத எலும்பு கரைய ஆரம்பிக்கும். துளை போட்டால் விறைப்பு இறங்கும், தோராயமாக அடர்த்தியின் வர்க்கக் கணக்கில். 30 சதவீதம் உலோகம் என்றால் 0.09 பங்கு, அதாவது சுமார் 10 கிகாபாஸ்கல். துளைக்குள் எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்வது கூடுதல் லாபம். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்த மாதிரித் துளை புதிதில்லை, பவளக்கல் அப்படித்தான் இருக்கும். பவளத்தை எலும்பில் இருக்கும் தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாற்றி எலும்பு ஒட்டுக்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். (நம்ம மன்னார் வளைகுடாவில் பவளத்தை எடுத்தால் வனத்துறை வழக்குப் போடும். நமக்கு டைட்டானியமே போதும்.)

பட்டறையில் பேச்சு, பழக்கம் எல்லாம் நன்றாக இருந்தது. கோப்பு அனுப்பிய மறுநாளே விலை சொன்னார்கள். எடைக்கு விலை கிடையாது, மெஷின் ஓடும் குறைந்தபட்சக் கட்டணம்தான். அதனால் ஒரு கட்டைக்கும் ஐந்து கட்டைக்கும் பெரிய வித்தியாசம் வராது. தூளின் சான்றிதழையும் கேட்காமலே அனுப்பினார்கள். கூரியர் மண்டபம் வரை வராமல் ராமநாதபுரத்தோடு நின்றுவிட்டது, அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்.

பெட்டியைத் திறந்தால் கட்டைகள் பளபளவென்று இருந்தன. கண்ணுக்குக் குறை தெரியவில்லை. சரி, ராமநாதபுரம் வந்தாயிற்று, எடை போட்டுப் பார்ப்போம் என்று அரண்மனைப் பக்கம் தெரிந்த நகைக்கடைக்குப் போனேன். மில்லிகிராம் காட்டும் தராசு வேறு எங்கே கிடைக்கும்?

"என்ன தம்பி, வெள்ளியா?"

"இல்லை பாய், டைட்டானியம்."

"இதுக்கும் சேதாரம் போடுவாங்களா?"

போட்டிருந்தார்கள். இந்தக் கலவையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.43 கிராம். 30 சதவீதம் உலோகம் என்றால் கட்டை 1.33 கிராம் இருக்க வேண்டும். தராசு காட்டியது 1.62. அதாவது 37 சதவீதம் உலோகம். வர்க்கக் கணக்கில் விறைப்பு 10-இலிருந்து 15-க்கு ஏறிவிடும். ஏழு சதவீதம்தானே என்று விடக்கூடிய விஷயம் இல்லை.

இதில் ஒரு பங்குக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. லேசர் உருக்கும்போது கீழ்நோக்கிய பரப்பில் பக்கத்துத் தூளும் சேர்ந்து ஒட்டும். கம்பி வரைந்ததைவிடத் தடிக்கும், துளை சுருங்கும். வரையும்போதே கொஞ்சம் ஒல்லியாக வரைந்து ஈடுகட்டிக்கொள்ளலாம். மீதிதான் வம்பு. யு.எஸ்.பி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நடுத்துளைகளில் தூள் மணிகள் கொத்துக் கொத்தாக இருந்தன. ஊசியால் நெம்பினாலும் வரவில்லை.

போன் போட்டேன். "அண்ணே, தூளை எப்போ எடுத்தீங்க?" என்றேன். இறுக்கம் தணிக்கச் சூளையில் வைத்து, அச்சடித்த அடித்தட்டிலிருந்து வயர்கட்டில் அறுத்து எடுத்த பிறகு, அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டார்களாம். அங்கேதான் தப்பு. 15 முதல் 45 மைக்ரான் இருக்கும் தூள் துளைக்குள் தங்கியிருக்கும்போதே சூடேற்றினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தத் தொட்டியில் போட்டாலும் முழுதாக வராது. தட்டோடு அதிர வைத்து, காற்று ஊதி, தூளை வெளியேற்றிய பிறகுதான் சூளைக்குப் போக வேண்டும். கெட்டியான பாகங்களே செய்து பழகிய பட்டறை, அதனால் இந்த வரிசை அவர்களுக்கு உறுத்தவில்லை. உடம்புக்குள் போகிற பொருளில் பிறகு உதிரக்கூடிய மணி ஒன்றுகூட இருக்கக்கூடாது.

பாராட்ட வேண்டியது ஒன்று: சாக்குச் சொல்லவில்லை. கட்டணம் வாங்காமல் மறுபடி அடித்துத் தந்தார்கள், தூளை முதலில் எடுத்து. இந்தத் தடவை பாய் தராசில் 1.42 கிராம், அதாவது 68 சதவீதம் துளை. கம்பி தடிப்பதை வைத்துப் பார்த்தால் இது நல்ல எண்.

இன்னும் இல்லாதவை: உள்ளே பார்க்க மைக்ரோ சி.டி. வசதி கிடையாது, வெளியே காசு கொடுத்து எடுக்க வேண்டும். நுண்துளை உலோகத்தை அமுக்கிப் பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 13314 சோதனையும் செய்வதில்லை. அவர்கள் தரும் இழுவைச் சோதனை அறிக்கை கெட்டித் தண்டுக்கு உரியது, துளை அமைப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மருத்துவக் கருவி தயாரிப்புக்கான ஐ.எஸ்.ஓ. 13485 தரச் சான்றிதழ் இல்லை, ஆகவே நோயாளிக்குப் போகும் பொருளுக்கு இவர்களை நினைக்கவே வேண்டாம். கல்லூரி புராஜெக்ட், மாதிரிக் கட்டை என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆர்டரிலேயே "சூடேற்றும் முன் தூள் நீக்கம், கட்டைவாரியாக எடை" என்று எழுதிக் கேளுங்கள்.

முதல் தடவைக்கு ஐந்துக்கு இரண்டு. இரண்டாம் தடவைக்கு நான்கு.