டெபியன் 13: வம்புக்கு லாயக்கில்லாத ஓஎஸ்

டெபியன் என்பது விண்டோஸ் போல ஒரு ஓஎஸ் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்), லினக்ஸ் வகை. அதன் 13ஆம் பதிப்பு பற்றி எழுதப் போகிறேன் என்றதும், ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸ் வைத்திருக்கும் எங்கள் ஆர்ச் தம்பி கேட்டது இதுதான்: "அதுல எழுத என்னக்கா இருக்கு?" நியாயமான கேள்வி. ட்ரிக்ஸி என்ற பெயரோடு 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த இந்தப் பதிப்பு, காலையில் லேப்டாப் மூடியைத் திறந்தால் நேற்று விட்ட இடத்தில் நிற்கிறது. மாலையில் மூடினால் தூங்கிவிடுகிறது. ஓஎஸ் வைத்து வம்பளக்கிற கூட்டத்தில் இருந்துகொண்டு இப்படி ஒன்றைப் பயன்படுத்துவது பெரிய சங்கடம். எடுத்துவிட ஒரு கதை கிடைக்காது.

கூட்டம் என்றால் ஐந்து பேர். எல்லோருக்கும் கோவையில்தான் வேலை, கம்பெனிகள்தான் வேறு வேறு. நான் பைத்தான் மொழியும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் வைத்து, செயலிகளுக்குப் பின்னால் சர்வரில் ஓடும் பேக்எண்ட் எழுதுகிறேன். ஆர்ச் தம்பி எங்களில் இளையவன். மேக்புக் தோழி ஒருத்தி, சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதைப் பெருமையாகக் காட்டுவாள். விண்டோஸ்காரர் ஒருவர், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொண்டு "எனக்கு ரெண்டும் இருக்கு" என்பார். அப்புறம், லினக்ஸ் அல்லாத இன்னொரு ஓஎஸ்ஸான ஃப்ரீபிஎஸ்டி வைத்திருக்கும் அண்ணன். அதிகம் பேச மாட்டார். பேசினால் நெட்ஃப்ளிக்ஸில் ஆரம்பிப்பார்: "ராத்திரி நீங்க பாக்குற வீடியோவை அனுப்புற சர்வர்ல ஓடுறது எங்க ஆளுதான்." உண்மைதான், நெட்ஃப்ளிக்ஸின் வீடியோ சர்வர்களில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி. அதற்கு மேல் அவரிடம் வாதாட முடியாது.

சரி, விமர்சனத்துக்கு வருவோம். என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய திங்க்பேட் டி480. உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றக்கூடிய ஒரு பேட்டரி, ராம் 16 ஜிபி. நெட்இன்ஸ்ட் என்ற நிறுவல் கோப்பை (இமேஜ்) இறக்கிப் பென்டிரைவில் போட்டேன். அது ஒரு ஜிபிகூட இல்லை; மீதியை நிறுவும்போது நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். வைஃபை கேள்வி கேட்காமல் வேலை செய்தது. இதைப் போய் எழுதுகிறாளே என்று புதியவர்கள் நினைக்கலாம். பழைய டெபியனைத் தொட்டவர்களுக்குத் தெரியும், வைஃபை சிப்பை இயக்கும் ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடிப்பிடித்து இன்னொரு பென்டிரைவில் கொண்டுவந்த காலம் ஒன்று இருந்தது. யாரும் பார்த்து மாற்றக்கூடிய சுதந்திர மென்பொருள் அல்லாத எதையும் அதிகாரப்பூர்வ இமேஜில் வைக்க மாட்டோம் என்ற கொள்கைதான் காரணம். 2022இல் டெபியன் டெவலப்பர்கள் ஓட்டுப் போட்டு அதை மாற்றினார்கள். 12ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேர் உள்ளேயே வருகிறது. ஒரு ஓஎஸ்ஸில் வைஃபை வேலை செய்ய வேண்டுமா என்பதற்கு வாக்கெடுப்பு நடத்தியவர்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள் என்று மேக் தோழி இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

நிறுவுகிறவர்களுக்கு ஒரு யோசனை. ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு) பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் எதுவும் அடிக்காமல் காலியாக விடுங்கள். அப்படி விட்டால்தான் உங்கள் கணக்குக்கு சூடோ உரிமை (நிர்வாகி வேலைகளைச் செய்யும் உரிமை) தானாகக் கிடைக்கும். பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால், முதல் தடவை சூடோ அடிக்கும்போது உங்களைப் பற்றிப் புகார் போகும் என்று மிரட்டும். அந்தத் திரையில் இதைச் சின்னதாக எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், யார் படிக்கிறோம்?

திரைத் தோற்றத்துக்கு க்னோம் 48, கேடிஇ பிளாஸ்மா 6.3 என்ற டெஸ்க்டாப்கள் இரண்டும் உண்டு. நான் க்னோம் ஆள். ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் 6.12, நீண்டகால ஆதரவு உள்ளது. மென்பொருள்களை நிறுவி நீக்கும் ஆப்ட் இப்போது 3.0. நிறுவப்போவது பச்சையில், நீக்கப்போவது சிவப்பில் என்று வரிசையாக அடுக்கிக் காட்டுகிறது. அவசரத்தில் என்டர் தட்டுகிற கைகளுக்கு அந்தச் சிவப்பு ஒரு நல்ல தடுப்பு. மென்பொருள்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் பழைய சோர்ஸஸ் கோப்பைப் புதிய வடிவத்துக்கு மாற்றவும் ஒரு கட்டளை சேர்த்திருக்கிறார்கள். 'ஆப்ட் மூ' என்று அடித்தால் மாடு இன்னும் வருகிறது, இன்று நீ மாடு போல் கத்தினாயா என்று இன்னும் கேட்கிறது. இதற்கு ஆர்ச் தம்பியிடம் பதில் உண்டு: ஆர்ச்சில் ஆப்ட்டின் வேலையைச் செய்யும் பேக்மேனின் அமைப்புக் கோப்பில் 'ஐ லவ் கேண்டி' என்று ஒரு வரி சேர்த்தால், இறக்கத்தைக் காட்டும் பட்டை பேக்மேன் விளையாட்டாக மாறி, புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும். பார்க்க அதுதான் அழகு, ஒப்புக்கொள்கிறேன். மாட்டுக்கு வயது அதிகம்.

இரண்டு மாற்றங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு அப்கிரேடு செய்யுங்கள். ஒன்று, தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு இப்போது ராமில் உட்காருகிறது, அதிகபட்சம் ராமில் பாதி வரை. பெரிய டேட்டாபேஸ் டம்ப்பை அங்கே கொட்டிவைக்கும் பழக்கம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் போய்விடும். இரண்டு, 32 பிட் இன்டெல் கணினிகளுக்கு இனி இன்ஸ்டாலரும் இல்லை, கெர்னலும் இல்லை. பரணில் கிடக்கும் பழைய மெஷினைத் தூசி தட்டப் போகிறவர்கள் முதலில் ப்ராசஸர் எதுவென்று பார்த்துவிடுங்கள்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு: பைத்தான் 3.13, போஸ்ட்கிரெஸ் 17, பிஎச்பி 8.4, ஜிசிசி 14. இன்றைக்கு இவை போதும். இரண்டு வருடம் கழித்தும் ஏறக்குறைய இவைதான் இருக்கும், அங்கேதான் வம்பு தொடங்குகிறது. டெபியன் ஸ்டேபிளில், அதாவது சோதித்து வெளியிட்ட நிலையான டெபியனில், ஒரு மென்பொருளின் பதிப்பு வந்துவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், வழுத் திருத்தங்கள் வரும். புது அம்சங்கள் பொதுவாக வராது. ஆர்ச் தம்பி இதற்கு வைத்த பெயர் 'மியூசியம்'. எனக்குத் தேவையான புதுப் பைத்தானைக் தனிப்பெட்டி போன்ற கன்டெய்னரில் ஓட்டிக்கொள்கிறேன், புது டெஸ்க்டாப் செயலி வேண்டுமென்றால் செயலிகளை ஓஎஸ்ஸிலிருந்து தனியாகத் தரும் ஃப்ளாட்பேக்கில் எடுத்துக்கொள்கிறேன். பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் வைத்து நேரடியாக சிஸ்டத்தில் எதையும் நிறுவ டெபியன் விடாது, தனி இடமாக வெர்ச்சுவல் என்விரான்மென்ட் போடு என்று திருப்பி அனுப்பும். முதலில் எரிச்சலாக வந்தது. இப்போது அந்தக் கண்டிப்பு பிடித்திருக்கிறது.

மேக் தோழியும் மியூசியம் என்று சேர்ந்து பாடும்போது மட்டும் விடமாட்டேன். மேக்கோடு வரும் பேஷ் (கட்டளைகளை அடிக்கும் ஷெல்) எந்தப் பதிப்பு என்று பார்க்கச் சொல்வேன். 3.2. அந்த வரிசை 2006இல் வந்தது. அதற்குப் பின் வந்த பேஷ் கெடுபிடி கூடிய ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்துக்குப் போய்விட்டதால் ஆப்பிள் அங்கேயே நின்றுவிட்டது, 2019 முதல் இஸட்ஷெல் என்ற இன்னொரு ஷெல்லுக்கும் மாறிக்கொண்டது. என் மியூசியத்தில் இருப்பது 5.2. அவள் உடனே பேட்டரி பேச்சுக்குத் தாவிவிடுவாள். அங்கே எனக்கு வாயில்லை, என் இரண்டு பேட்டரியும் சேர்ந்தும் அவளுடைய ஒன்றுக்கு ஈடாகாது.

ஆர்ச் தம்பிக்கு வேறு மருந்து. அவன் முதலில் தொட்ட லினக்ஸ், பள்ளியில் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ். மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக், சென்னையில் உருவாக்கியது, அடிப்படை டெபியன். விண்டோஸ்காரரின் டபிள்யூஎஸ்எல்லில் ஓடுவது உபுண்டு. அதுவும் டெபியன் வயிற்றில் பிறந்ததுதான். சொந்தக்காரர்களோடுதான் சண்டை போடுகிறோம் என்றால் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான். ஆனால் எதிலாவது சிக்கிக்கொண்டால் நான் முதலில் திறப்பது டெபியன் விக்கியை அல்ல, ஆர்ச் விக்கியை. டெபியன் விக்கியில் ஒரு பக்கம் இந்தப் பதிப்புக்கு எழுதியிருக்கும், அடுத்த பக்கம் எந்தக் காலத்துக்கோ எழுதியிருக்கும். ஆர்ச் விக்கி அப்படியில்லை. "படிச்சதுக்கு வாடகை குடுங்கக்கா" என்பான். டீக்கு நான் காசு கொடுப்பேன்.

எங்கள் கூட்டத்தில் தீராத வழக்கு ஒன்று உண்டு. 2024 மார்ச் 29. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் தூரத்திலிருந்து இன்னொரு கணினிக்குள் வேலை செய்ய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய யாரோ பின்கதவு வைத்திருக்கிறார்கள் என்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் உலகுக்குச் சொன்ன நாள். எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று அவர் துருவப் போய் வெளிவந்த விஷயம் அது. அவர் போஸ்ட்கிரெஸ் டெவலப்பர், அதனால் பாதிப் புகழ் எனக்கு. அவர் வேலை செய்தது மைக்ரோசாப்டில், அதனால் விண்டோஸ்காரர் மீசையை முறுக்குவார். அவர் சோதித்துக்கொண்டிருந்தது, புதியவை முதலில் வந்து சேரும் டெபியன் சிட்டில், அதனால் மீதிப் பாதியும் எனக்கே. ஸ்டேபிளில் அப்போது இருந்தது 5.4, பின்கதவு அதைத் தொடவே இல்லை. தம்பி சொல்வான், ஆர்ச்சுக்குப் புதுப் பதிப்பு வந்துதான் இருந்தது, ஆனால் ஆர்ச்சின் எஸ்எஸ்எச் எக்ஸ்இசட்டின் நூலகத்தோடு நேரடியாக இணையவில்லை, அதனால் அந்த வழியில் பிழைத்தோம் என்று. மேக்கில் மென்பொருள் நிறுவும் ஹோம்ப்ரூ உடனே 5.4.6க்கு இறக்கிவிட்டது என்பாள் தோழி. அண்ணன் கடைசியில் வாயைத் திறப்பார்: "அது குறி வெச்சதே லினக்ஸைத்தான்." ஐந்து பேரும் ஜெயித்த ஒரே ஆட்டம்.

இந்தப் பேச்சு அத்தோடு நின்றால் எனக்கு நல்லது. ஆனால் அண்ணன் நிறுத்த மாட்டார். 2006இல் டெபியன் பராமரிப்பாளர் ஒருவர், நினைவகப் பிழை தேடும் கருவியான வால்கிரைண்ட் குறை சொல்கிறதே என்று, தகவலைப் பூட்டிவைக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில் இரண்டு வரிகளை எடுத்தார். எடுத்தது சாவி உருவாக்கத்துக்கான தற்செயல்தன்மையை. 2008 மே 13 அன்று விஷயம் வெளியானபோது, ஒவ்வொரு வகையிலும் உருவாகக்கூடிய சாவிகள் சுமார் 32 ஆயிரம்தான் என்று தெரிந்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடலாம். எக்ஸ்இசட்டில் துப்புக் கொடுத்ததும் இதே வால்கிரைண்ட்தான், அங்கே அதை ஒருவர் அலட்சியம் செய்யவில்லை. நான் டெபியன் கட்சிதான், ஆனாலும் இதற்கு என்னிடம் பதில் கிடையாது. 2022 ஆகஸ்டில் கணினியைத் தொடங்கிவைக்கும் க்ரப்பின் புதுப்பிப்புக்குப் பிறகு சில ஆர்ச் மெஷின்கள் பூட் ஆகாமல் நின்றதைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

தமிழைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பிரௌசரிலும் லிப்ரே ஆபீசிலும் எழுத்துகள் ஒழுங்காக வருகின்றன. ஆங்கிலத்தில் நிறுவியிருந்தால் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் என்ற பொதியைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்99, அஞ்சல் பாணி ஒலியெழுத்து, பழைய தட்டச்சு முறை எல்லாம் அதில் உண்டு. தமிழ்99இல் ஒரே எழுத்தை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது. கட்டளை அடிக்கும் டெர்மினலில்தான் இன்னும் விடியவில்லை, கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் நிற்கும். அதை டெபியன் தலையில் மட்டும் கட்ட முடியாது, பல டெர்மினல்களில் இதே கதைதான்.

யாருக்கு வேண்டாம்? புத்தம்புது லேப்டாப், புத்தம்புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர்களுக்கு வேண்டாம்; கெர்னல் பழசாக இருக்கும், நிலையான டெபியனுக்குப் புதியவற்றைத் தரும் பேக்போர்ட்ஸில் புதிதை எடுத்துப் போட்டு மல்லுக்கட்ட வேண்டும். வாரம் ஒரு புதுமை பார்க்காவிட்டால் கை அரிக்கிறவர்களும் தம்பி பக்கம் போய்விடுங்கள். வேலைக்கு மெஷின் வேண்டும், அது குறுக்கே வரக் கூடாது என்பவர்களுக்கு மூன்று வருடம் முழு ஆதரவும் அதற்குமேல் இரண்டு வருட நீட்டிப்பும் இருக்கிறது, 2030 வரை. விலை பூஜ்யம்.

போன மாதம் விண்டோஸ்காரர் அவருடைய அப்பாவின் கணினியை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. அந்தப் ப்ராசஸரை விண்டோஸ் 11 ஏற்காது. டெபியன் போட்டு, லிப்ரே ஆபீசும் பிரௌசரும் முகப்பில் வைத்துக் கொடுத்தேன். அவர் அப்பா தினமும் செய்தி படிக்கிறார், ஒரு போன் வரவில்லை. "தம்பி கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். சொல்லவில்லை. எழுதக் கூடாது என்று அவர் சொல்லவே இல்லையே.