ஹாலிஃபாக்ஸ் பீஸ் ஹால்: ஒன்றும் வாங்காமல் அரை நாள்

அப்பா ஈரோட்டில் முப்பது வருஷம் ஜவுளி வியாபாரம் பார்த்தவர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் எங்களோடு இருக்க வந்த மூன்றாவது வாரமே போரடித்து, "இங்கே துணிச் சந்தை எதுவும் கிடையாதா?" என்று கேட்டுவிட்டார். சரி, ஒரு காலத்தில் துணிச் சந்தையாக இருந்த பீஸ் ஹாலையாவது காட்டுவோம் என்று ஹாலிஃபாக்ஸ் ஊருக்குக் கூட்டிப் போனேன். ரயிலில் சுமார் 40 நிமிடம், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். உள்ளே போகக் கட்டணம் கிடையாது.

பெயரில் உள்ள பீஸ், நம் கடைகளில் கட்பீஸ் என்கிறோமே, அதே பீஸ்தான். வீட்டுத் தறியில் நெய்த 30 கெஜம் கம்பளித் துணிக்கு ஒரு பீஸ் என்று பெயர். அதை விற்பதற்காகவே 1779 ஜனவரி 1-ம் தேதி இந்த இடத்தைத் திறந்திருக்கிறார்கள். நடுவில் பிரம்மாண்டமான முற்றம், நாலு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரம், அதன் பின்னால் சின்னச் சின்னதாக 315 அறைகள். நிலம் சரிவு என்பதால் ஒரு பக்கம் இரண்டு அடுக்கு, எதிர்ப்பக்கம் மூன்று. அந்தக் காலத்தில் வியாபாரம் சனிக்கிழமை காலையில் இரண்டே மணி நேரம், அதுவும் மணியடித்துத்தான் தொடங்க வேண்டும். "இரண்டு மணி நேரத்தில் பேரம் முடியணும்னா வந்தவன் பாடு திண்டாட்டம்தான்" என்றார் அப்பா, நெசவாளியைச் சொன்னாரா வாங்க வந்தவனைச் சொன்னாரா தெரியவில்லை.

அப்புறம் மில்கள் வந்தன, தறிக்காரர்கள் ஓய்ந்தார்கள். 1871-ல் இதைக் காய்கறி, பழ மொத்தச் சந்தையாக்கி நூறு வருஷம் ஓட்டினார்கள். 1970-களில் இடித்தே போட்டிருப்பார்களாம், எப்படியோ தப்பியது. கடைசியாக 1.9 கோடி பவுண்டு செலவழித்துப் புதுப்பித்து 2017 ஆகஸ்ட் 1-ல் மறுபடி திறந்தார்கள்.

எனக்குப் பிடித்தது அந்த முற்றத்தைக் காலியாக விட்டிருப்பதுதான். அவ்வளவு பெரிய இடத்தில் நாலு கடை கட்டி வாடகை பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றாமலா இருந்திருக்கும்? குழந்தைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன, வயசானவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுகிறார்கள், நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன புளியோதரையைத் திறந்து சாப்பிட்டோம், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்திலேயே ஊர் நூலகம், பழைய தேவாலயம் ஒன்றின் மிச்சத்தைச் சேர்த்துக் கட்டியது, அதன் வட்ட ஜன்னல் உள்ளேயே இருக்கிறது. மழை வந்தால் அங்கே ஒதுங்கலாம்.

கடைகள் பழைய அறைகளுக்குள்ளேயே இருப்பதால் எல்லாம் சின்னதாகத்தான் இருக்க முடியும், பெரும்பாலும் தனி ஆட்கள் நடத்துகிறவை. பார்க்க அழகு, விலைதான் கொஞ்சம் தூக்கல். ஒரு கடையில் கம்பளித் துண்டு ஒன்றை அப்பா இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்து, "நல்ல நூல்" என்றார், விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் மடித்து வைத்துவிட்டார். உள்ளூர் ஆள் தினசரி சாமான் வாங்கப் போகிற இடம் இல்லை இது, பரிசுப்பொருள் வாங்குகிற இடம். அந்த விஷயத்தில் பழைய காய்கறிச் சந்தையே மேல் என்று எனக்குப் பட்டது.

இன்னொன்று, கோடையில் முற்றத்தில் டிக்கெட் போட்டுப் பெரிய இசைக் கச்சேரிகள் நடக்கின்றன. கட்டடத்தை நடத்தப் பணம் வேண்டுமே, நியாயம்தான், ஆனால் அந்த நாட்களில் நான் சொன்ன காலி முற்றத்தை எதிர்பார்க்காதீர்கள், தேதி பார்த்துவிட்டுப் போங்கள். குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்வாரத்துக்குத்தான் கூரை, பெஞ்செல்லாம் வெட்டவெளியில்.